இடப்பக்கம் பார்த்தவள்

மோட்டார் சைக்கிளின் பின்னால் சேலை கட்டிய பெண்கள் ஒருபக்கமாக உட்காரும்போது அவர்கள் முகம் இடப்பக்கம் பார்த்திருக்கும். இதை எல்லோரும் பார்த்திருப்பார்கள், யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். நான் ஆறு வருஷம் அதை நம்பித்தான் வண்டி ஓட்டினேன்.

அப்போது நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சி சர்க்காரில் இருந்தோம். நான் மராமத்து ஓவர்சீயர். அனந்தனாற்றுக் கால்வாயில் ஒரு பகுதியும் அதிலிருந்து தண்ணீர் வாங்கும் குளங்களும் என் பொறுப்பு. என் வண்டி, யுத்தம் முடிந்ததும் பட்டாளத்தார் ஏலம் விட்டது. பட்டாளத்துப் பச்சையின் மேல் நான் கறுப்பு அடித்திருந்தேன். ஒவ்வொரு கோடையிலும் கறுப்பு உரிந்து பச்சை எட்டிப்பார்க்கும். அந்த வண்டிச் சத்தம் தூரத்தில் கேட்டாலே, மடையில் கள்ளத்தனமாகக் கல்லை நகர்த்திக்கொண்டிருந்தவர்கள் கரையேறி நல்லபிள்ளைகளாக நிற்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்பதை இங்கே சொல்லிவைக்க வேண்டும், ஏனென்றால் பின்னால் செய்ததற்கெல்லாம் பிழைப்பு மட்டும் காரணமில்லை.

என் தங்கை நாற்பத்தொன்பதில் திரும்பி வந்தாள். அவள் புருஷன் கடியப்பட்டணத்துப் பக்கம் பள்ளிக்கூட வாத்தியார். கல்யாணமாகி இரண்டாம் வருஷம் விஷக்காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளை இல்லை. ஒரு தகரப்பெட்டியும் ஒரு தையல் கூடையுமாக வந்து இறங்கினாள். அதன்பிறகு வெள்ளைச் சேலைதான். அழுது நான் பார்த்ததில்லை. ஜன்னலுக்குப் பக்கத்தில் வேதப்புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தில் மணிக்கணக்காக இருப்பாள்.

அடுத்த வருஷம் என் கண் போயிற்று. ஒரு மடைக்குக் கருங்கல் கொத்திக்கொண்டிருந்தார்கள். தள்ளி நிற்கச் சொன்ன மேஸ்திரியை நான் சட்டை செய்யவில்லை. உளியின் தலையிலிருந்து ஒரு இரும்புத் துணுக்கு தெறித்து இடக்கண்ணில் ஏறியது. நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்தேன். துணுக்கை எடுத்துவிட்டார்கள். கண் பார்க்க நன்றாகவே இருந்தது, ஆனால் வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பதைத் தவிர அதற்கு வேறெதுவும் தெரியவில்லை.

மனைவிக்குக் கைக்குழந்தை. அதனால் ஆஸ்பத்திரியில் என்னோடு இருந்தது தங்கைதான். முதல் வாரம் கட்டு மாற்றும்போது நர்சுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தாள். இரண்டாம் வாரம் பஞ்சு எடுத்துக்கொடுத்தாள். மூன்றாம் வாரம் அடுத்த கட்டில்காரர்களும் அவளைத்தான் கூப்பிட்டார்கள். ஒருநாள் வராந்தாவில் அவள் யாரிடமோ சிரிக்கும் சத்தம் கேட்டது. புருஷன் போனபின் அவள் சிரித்து அன்றுதான் கேட்டேன். ஒரு கண்ணைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தவனுக்கு அது ஆறுதலாக இருந்தது. அதில் எனக்கு ஒரு ஆபத்து இருப்பதாக அப்போது தோன்றவில்லை.

கண் சரியாகிவிட்டது என்று ஆபீசில் எழுதிக்கொடுத்தேன். ஒற்றைக் கண்ணன் என்று தெரிந்தால் வெளிவேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று பயம். பார்வை கொஞ்சம் மங்கல் என்று மட்டும் மனைவியிடம் சொன்னேன். முதல் நாளே இடப்பக்கம் நின்ற ஆட்டை இடித்து வாய்க்காலில் விழுந்தேன். சேற்றோடு வீட்டுக்கு வந்து, வழுக்கிவிட்டது என்றேன். எல்லோரும் நம்பினார்கள். தங்கை மட்டும் துவைகல்லில் என் சட்டையை அலசிக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"அண்ணே, அந்தக் கண்ணு தெரியல்ல, இல்லியா?"

சாப்பிடும்போது இடப்பக்கம் இருக்கும் தண்ணீர்ச் செம்பை நான் தடவி எடுப்பதை அவள் கவனித்திருக்கிறாள். அவள் சட்டையை உதறிக் கொடியில் போட்டாள்.

"வண்டியில நான் பொறத்த இருக்கேன். இஞ்ச சும்மாதான இருக்கேன்."

அதை அவளாகத்தான் சொன்னாள். நான் கேட்கவில்லை.

எங்களுக்குள் ஒரு ஏற்பாடு தானாக உண்டாயிற்று. இடத்தோளில் ஒரு தட்டு தட்டினால் அந்தப் பக்கம் ஏதோ இருக்கிறது. இரண்டு தட்டினால் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும். கையை அழுத்தி வைத்தால் நிறுத்த வேண்டும். கால்வாய்க் கரையில் ஒருபக்கம் வயல், ஒருபக்கம் தண்ணீர், நடுவில் வண்டிச் சக்கரம் போகிற அளவுக்குத்தான் பாதை. அதில் அவள் தட்டிக்கொண்டே வருவாள், நான் ஓட்டுவேன். கும்பப்பூ நெல் நடவுக் காலத்தில் தண்ணீர் எட்டாத கடைமடைக்காரர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு பேசும்போது, அவள் இறங்கி ஏதாவது மரத்தடியில் நிற்பாள். ஒரு விதவையை வண்டியில் ஏற்றிக்கொண்டு அலைகிறான் என்று முதலில் பேசினார்கள். பிறகு பழகிவிட்டார்கள். ஒரு கிழவர் மட்டும் விடவில்லை. "ஓவர்சீயரு வண்டிய ஓட்டுதாரு, பிள்ள ஓவர்சீயர ஓட்டுதா" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். உடனே மடைப் பேச்சை எடுத்துவிடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சபையில் போதகர், துக்கத்தில் இருக்கும் சகோதரியை வீட்டில் முடக்கிப் போடாமல் காற்றும் வெயிலும் காணச் செய்கிற ஒரு அண்ணனைப் பற்றிச் சொன்னார். பேர் சொல்லவில்லை, ஆனால் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதைத் தாழ்மை என்று நினைத்திருப்பார்கள்.

ஐம்பத்திரண்டில் அவள் ஆஸ்பத்திரிக்கு எழுதிப் போட்டிருந்தாள். நர்சுப் பயிற்சிக்கு. அவளைக் கைப்பிடித்துப் பஞ்சு மடிக்கச் சொல்லிக்கொடுத்த நர்சு, பயிற்சிக்கு ஆள் எடுக்கும் வெள்ளைக்கார மதாம்மாவிடம் சொல்லியிருந்தாளாம். புதன்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் வரும்படி கார்டு வந்தது. அந்த வருஷம் விட்டால் வயது கடந்துவிடும் என்று அவளே சொன்னாள். கார்டை வேதப்புத்தகத்துக்குள் வைத்திருந்தாள். பஸ்ஸில் போய்க்கொள்வதாகச் சொன்னாள்.

பஸ் எதற்கு, நானே கொண்டுபோய் விடுகிறேன் என்றேன்.

வழியில்தான் அந்த எண்ணம் வந்தது என்று வெகுகாலம் எனக்கு நானே சொல்லிவந்தேன். அது பொய். செவ்வாய்க்கிழமையே நினைத்துவிட்டேன். புதன் காலை புறப்படும்முன் பயணத்துக்காக ஜெபம் செய்ததும் நான்தான். அவள் போய்விட்டால் என் இடப்பக்கத்தை யார் பார்ப்பார்கள் என்பதைத் தவிர வேறு எதுவும் அந்த இரண்டு நாளும் என் மனதில் இல்லை.

வில்லுக்குறி தாண்டி இரணியல் போகும் வழியில், தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஆள் நடமாட்டம் குறைந்த இடம் ஒன்று உண்டு. அங்கே இடக்கையைக் கீழே இறக்கி, டாங்கிக்கு அடியில் இருந்த பெட்ரோல் குழாயை மூடினேன். மூடியதும் வண்டி நிற்காது. உள்ளே மிச்சமிருப்பதில் கொஞ்சதூரம் ஓடும், பிறகு இருமும், பிறகு நிற்கும். அப்படியே நின்றது.

பிளக்கில் கரி பிடித்திருக்கிறது என்றேன். அவள் இறங்கி வழியோரக் கல்லில் உட்கார்ந்தாள். நான் பிளக்கைக் கழற்றினேன், துடைத்தேன், ஊதினேன், மாட்டினேன், மிதித்தேன். மறுபடியும் கழற்றினேன். மணி ஒன்பது இருக்கும். சட்டை நனைந்துவிட்டது. அந்த வேர்வை உண்மையானதுதான்.

தேங்காய்த் தொண்டு ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று வந்தது. வண்டிக்காரர் நிறுத்திப் பார்த்தார்.

"பட்டாளத்து வண்டிக்குக் கஞ்சி காட்டலியா சாரே?" என்றார். பிறகு என் தங்கையைப் பார்த்துவிட்டு, எங்கே போகவேண்டும் என்று கேட்டார். அவள் நெய்யூர் என்றதும் அவர் சொன்னார்: "நான் அதுவழியாக்கும் போறேன். பிள்ள ஏறட்டு. பத்துக்கு முன்ன விட்டிருவேன்."

அவள் எழுந்தாள். எழுந்து என்னைப் பார்த்தாள்.

இப்போது சரியாகிவிடும், தொண்டு வண்டியில் போய் இறங்கினால் மதாம்மா என்ன நினைப்பாள் என்றேன். வண்டிக்காரர் தோளைக் குலுக்கிவிட்டு மாட்டைத் தட்டினார். அவள் மறுபடியும் கல்லில் உட்கார்ந்தாள். வண்டி வளைவில் மறைகிறவரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நிழல் குறுகி மரத்தடிக்கு வந்துவிட்டது. பத்து மணி எப்போதோ ஆகிவிட்டிருந்தது. நான் நான்காவது தடவையோ ஐந்தாவது தடவையோ பிளக்கை மாட்டிக்கொண்டிருந்தேன். அவள் எழுந்து வந்தாள். சேலையை ஒதுக்கிக்கொண்டு வண்டிக்கு இடப்பக்கம் குனிந்தாள். இரண்டு விரலால் குழாயைத் திருப்பிவிட்டாள்.

"தொறந்தாச்சு அண்ணே. இனி மிதிங்க."

இரண்டு வருஷமாக அவள் எந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு வருகிறாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. எனக்குத் தெரியாத பக்கத்தில் செய்ததால் அது மறைவாகச் செய்த காரியம் என்று நினைத்துவிட்டேன். என் கை கீழே இறங்கிய நேரத்திலிருந்தே அவளுக்குத் தெரியும். மாட்டுவண்டி வந்தபோதும் தெரியும். எழுந்து நின்று என்னைப் பார்த்தது, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்ப்பதற்காக.

ஒரே மிதியில் வண்டி புறப்பட்டது. அவள் பின்னால் ஏறினாள். நெய்யூர்ப் பக்கம் திருப்பட்டுமா என்று நான் கேட்கவில்லை. வீட்டுக்குப் போவோம் என்றாள். வில்லுக்குறியில் ஒரு கன்றுக்குட்டி இடப்பக்கச் சந்திலிருந்து ஓடி வந்திருக்கிறது. நான் காணவில்லை. தோளில் இரண்டு தட்டு விழுந்தது, வழக்கமான அதே கனத்தில். நான் ஒதுங்கினேன். அவள் என்னைத் திட்டியிருந்தால், குறைந்தது அன்று ஒருநாளாவது தட்டாமல் இருந்திருந்தால், நான் இதைவிடக் கொஞ்சம் லேசாக இருந்திருப்பேன்.

வீட்டில் மனைவி, சவத்து வண்டி, இன்றைக்கென்று பார்த்துக் காலை வாரிவிட்டதே என்று வண்டியைப் பழித்தாள். தங்கை கால் கழுவிக்கொண்டிருந்தாள்.

"வண்டிக்கு ஒண்ணும் இல்ல மைனி" என்றாள். அவ்வளவுதான். அதற்குமேல் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை நான் வண்டியை வெளியே தள்ளும்போது வாசலில் நின்றாள். ஏறி உட்கார்ந்தாள். அதன்பிறகு நான்கு வருஷம் அப்படியே போனது. அவளிடம் பேசவேண்டும் என்று தினமும் நினைப்பேன். வண்டியில் பேசினால் காற்றில் கேட்காது, இறங்கினால் ஆட்கள் இருப்பார்கள், வீட்டில் மனைவி இருப்பாள் என்று ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு காரணம் கிடைத்தது. களைத்துப்போனேன். கண் போனது பழகிவிட்டது. அந்தத் தட்டுதான் பழகவில்லை. ஒவ்வொரு தட்டுக்கும் தோள் தானாகச் சுருங்கும்.

ஐம்பத்தாறு கடைசியில் எங்கள் தாலுகாக்கள் மதராசோடு சேர்ந்தன. ஆபீசில் மலையாளக் கோப்புகளைக் கட்டி ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். யார் எந்தச் சர்க்காருக்குப் போவது என்று எல்லோரும் அதையே பேசிக்கொண்டிருந்தோம். அந்த வாரம் அவள் என்னிடம் வந்து, போதகரிடம் சொல்லி ஆஸ்பத்திரியில் ஒரு வேலைக்கு ஏற்பாடு செய்திருப்பதாகச் சொன்னாள். பயிற்சிக்கு வயது கடந்துவிட்டது. வார்டில் உதவியாள் வேலை. மலசலப் பாத்திரம் எடுக்கவேண்டும், படுக்கை மாற்றவேண்டும். அங்கேயே தங்கிக்கொள்ளலாம். ஐம்பத்திரண்டில் சேர்ந்த பெண்கள் அப்போது தொப்பி வைத்த நர்சுகளாகியிருந்தார்கள். அவர்களுக்குக் கீழேதான் இவள் வேலை செய்யவேண்டும். அதை நாங்கள் இருவருமே சொல்லவில்லை.

நான் கொண்டுபோய் விடட்டுமா என்று கேட்டேன். அவள் சரி என்றாள்.

தகரப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வில்லுக்குறி தாண்டியதும் வேகத்தைக் குறைத்தேன். அந்தத் தென்னந்தோப்பு வந்தது. அந்தக் கல்லும் அங்கேயே கிடந்தது. சரியாக அந்த இடத்தில் அவள் கை என் தோளில் அழுந்தியது. நிறுத்தினேன். இப்போது கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன். கேட்கட்டும் என்றும் நினைத்தேன்.

இடப்பக்கத்துத் தோப்பிலிருந்து தாரா வாத்துக் கூட்டம் ஒன்று வழியைக் கடந்துகொண்டிருந்தது. ஐம்பது அறுபது தாராக்கள், நிதானமாக, கத்திக்கொண்டு. நான் எஞ்சினை அணைத்தேன்.

"அன்னைக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"நில்லுங்க அண்ணே" என்றாள். "இன்னும் ரெண்டு வரக் கெடக்கு."

கடைசி இரண்டும் வந்து கடந்தன. அவள் ஒரு தட்டு தட்டினாள். போகலாம் என்பதற்கு எங்களிடம் அடையாளம் எதுவும் இருந்ததில்லை. அன்று ஒன்று உண்டாயிற்று. நான் வண்டியை மிதித்தேன்.

ஆஸ்பத்திரி வாசலில் பெட்டியை இறக்கிக் கொடுத்தேன். போகும்போது பையப் போகச் சொன்னாள். உள்ளே போய்விட்டாள். அவள் இருபத்தேழு வருஷம் அங்கே இருந்தாள், அங்கேயே இறந்தாள். நான் ஆரம்பித்த அந்த வாக்கியத்தை முடிக்க இருபத்தேழு வருஷம் எனக்கு நேரமிருந்தது.

அன்று திரும்பி வந்ததை மட்டும் சொல்லி நிறுத்துகிறேன். ஆறு வருஷத்துக்குப் பிறகு முதல்தடவையாகத் தனியாக ஓட்டினேன். பயத்தில் நடக்கிற வேகத்தில்தான் வந்தேன். இரணியல் சந்தியில் ஏதோ சத்தம் கேட்டு, என்னவென்று பார்க்கக் கழுத்தை இடப்பக்கம் முழுசாகத் திருப்பினேன். ஒரு கிழவி விறகுக் கட்டோடு நின்றிருந்தாள். நன்றாகத் தெரிந்தாள். கொஞ்சதூரம் தள்ளி மறுபடியும் திருப்பினேன். ஒரு நாய். அதுவும் தெரிந்தது. பத்தடிக்கு ஒருதரம் கழுத்தைத் திருப்பிக்கொண்டால் போதும், வலக்கண்ணே இரண்டு பக்கமும் பார்த்துவிடும். கழுத்து வலிக்கும், வேகமாகப் போகமுடியாது. மற்றபடி ஒரு குறையும் இல்லை.

அப்படியே கழுத்தைத் திருப்பித் திருப்பி, வேலையிலிருந்து ஓய்வுபெறும்வரை அந்த வண்டியில்தான் போய்வந்தேன்.