கரமனைத் தெருவில் கிணறு அளந்த கோடை

அடுத்தவர் வீட்டுக் கிணற்றை எட்டிப் பார்ப்பதே வேலையானால் யாரும் உட்காரச் சொல்ல மாட்டார்கள். கணக்கெடுக்க வீடு வீடாக ஏறியவர்களுக்கு இது தெரியும். மனைவி போனபின் சும்மா இருக்க முடியாமல் வார்டு குடிநீர்க் குழுவில் சேர்ந்தேன். அப்போது எங்கள் தெருமுனை லாட்ஜ்காரர் போர் போட மனு கொடுத்திருந்தார். போட்டால் எங்கள் கிணறுகள் வற்றிவிடும். கோடையில் தண்ணீர் மிகவும் இறங்கும் தெருவில் புது போர் கூடாது என்று வார்டில் விதி உண்டு. இறங்குகிறது என்று அளந்து காட்டுவது என் பொறுப்பு.

முதல் அளவு

வரும் நாளை முன்கூட்டியே சொன்னது என் தப்பு. கொளுத்தும் வெயில், ஆனால் எல்லார் கிணற்றிலும் தாராளமாகத் தண்ணீர். அளந்து, எழுதி, வார்டு ஆபீசில் கொடுத்துவிட்டுத் திரும்பும்போதுதான் எதிர்வீட்டுப் பர்வதம் மாமி தன் கிணற்றுக்குள்ளிருந்து ஒரு ஹோஸைச் சுருட்டி எடுப்பதைப் பார்த்தேன். ராத்திரி முழுக்கக் குழாய்த் தண்ணீரை விட்டிருக்கிறார்கள், தெரு மொத்தமும்.

"ஆபீஸ் காரியமா எட்டிப் பாக்கறச்சே அடி தெரிஞ்சா நன்னாவா இருக்கும்? பொண்ணுக்கு வரன் பாத்துண்டிருக்கோம், கேட்டேளா."

லாட்ஜ்காரர்

மறுநாள் அவர் என் கணக்கைப் படித்துவிட்டு, ஒரு சீப்பு ஏத்தம்பழத்தோடு வீட்டுக்கே வந்தார். திருநெல்வேலிக்காரர், மரியாதை தெரிந்தவர்.

"அண்ணாச்சி, இம்புட்டுத் தண்ணி கிடக்குன்னு தெரிஞ்சிருந்தா ரெண்டு போருக்கு மனு போட்டிருப்பேம்லா."

இரண்டாம் அளவு

ஆபீசில் கெஞ்சி மறு அளவுக்கு நாள் வாங்கினேன். தண்ணீர் குறைவாக இருந்தால்தான் நமக்கு நல்லது என்று வீட்டுக்கு வீடு விளக்கினேன். அளவுக்கு மீறிப் புரிந்துகொண்டார்கள். மறு அளவுக்கு ஆபீசிலிருந்து மலையாளி எஞ்சினியர் பெண் வந்த காலையில், கிணற்றை வற்ற வைக்க எல்லா வீட்டு மோட்டாரும் ஓடியது; தெருவில் கணுக்கால் வரை தண்ணீர்.

"சாரே, வறட்சி பாக்க வந்தவ நான். செருப்பைக் கையில பிடிச்சிட்டு நிக்கறேன், கண்டோ."

மூன்றாம் அளவு

பிறகு ஒருநாள் எனக்கே சொல்லாமல் அவள் வந்து நின்றாள். முதலில் என் கிணறு: கயிற்றின் குண்டு அடிப்பாறையில் 'டங்' என்று இடித்தது. மற்றவையும் ஏறக்குறைய அப்படித்தான். மனு தள்ளுபடி. எனக்கு அப்பாடா என்றிருந்தது. மாமிக்கு மட்டும் ஆறவில்லை.

"சொல்லிட்டு வந்திருந்தா கிணத்தடியையாவது அலம்பி விட்டிருப்போமே."

லாட்ஜ்காரரிடமிருந்து கிணறுகளைக் காப்பாற்ற ஒரு விதி போதுமாயிருந்தது, கிணற்றுக்காரர்களிடமிருந்து காப்பாற்றத்தான் எனக்கு ஒரு கோடை முழுதும் பிடித்தது.