உங்கம்மா ஆதாரம் கிடையாது

திருவொற்றியூரில் நான் வேலை பார்க்கும் கல்லூரி வாசலில் ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. கடைசி வருடப் பிள்ளைகளுக்கு ஆய்வேட்டை ரெடிமேடாக விற்கும் கடை. பெயரை மட்டும் மாற்றி, தங்க எழுத்தில் அட்டை போட்டுக் கொடுத்துவிடுவார்கள். நன்றியுரைகூட கடைக்காரர் எழுதியதுதான். 'அயராது வழிகாட்டிய என் நெறியாளர்' என்று ஒரே வரியை வருடா வருடம் என் தலையில் கட்டுவார்கள். தகவல் தேடுவது எப்படி, ஆதாரம் காட்டுவது எப்படி என்று வாரம் இரண்டு வகுப்பு எடுப்பவள் நான். தொண்டை வற்றக் கத்திவிட்டு அந்த வரியை வாசித்தால் பற்றிக்கொண்டு வராதா?

அந்த வருடமும் சிவப்புப் பேனாவும் கொதிப்புமாகத்தான் வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். எண்ணூர்ப் பெண் ஒருத்தி, கழிமுகத்தில் கையால் இறால் பிடிக்கும் பெண்களைப் பற்றி எழுதியிருந்தாள். 'முன்பு இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து தடவுவார்கள். இப்போது அனல்மின் நிலையச் சாம்பல் சேறு ஏறி, அதே இடத்தில் தண்ணீர் முழங்கால் அளவுதான்' என்று ஒரு வரி. ஆதாரம் இல்லை.

"இது எங்கே எடுத்தது?"

"எங்கம்மா சொல்லிச்சு மேடம். அதுதான் இறாலுக்குப் போவுது."

"உங்கம்மா ஆதாரம் கிடையாது."

வகுப்பே சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. அச்சான ஆதாரம் கொண்டுவராமல் கையெழுத்து கிடையாது என்றேன். என் கையெழுத்து இல்லாமல் வாய்மொழித் தேர்வு இல்லை, அது இல்லாமல் பட்டம் இல்லை. மணலியில் ஓர் அலுவலக வேலை அவள் பட்டத்துக்காகக் காத்திருப்பதும் எனக்குத் தெரியும்.

பத்து நாள் கழித்து வந்தாள். வணக்கம் சொல்லவில்லை. நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே இணையத்தில் தேடி எடுத்த ஓர் ஆங்கிலக் கட்டுரையை மேசையில் போட்டாள். போட்ட வேகத்தில் என் டீ தளும்பியது. ஒரு வரியில் மஞ்சள் அடித்திருந்தாள்: பேட்டி கொடுத்தவர், இறால் பிடிக்கும் பெண், வயது நாற்பத்தாறு.

"இது எங்கம்மா. எங்க வூட்டுக்கு வந்துதான் கேட்டு எழுதிகினு போனாங்க. நான் பக்கத்துலயே குந்திகினு இருந்தேன். எங்கம்மா இடுப்பளவுன்னு சொல்லிச்சு, இவங்க கழுத்தளவுன்னு போட்டுக்கீறாங்க. இடுப்பளவுல குந்தினாதான் மேடம் தண்ணி கழுத்துக்கு வரும். கழுத்தளவுல குந்தினா மூச்சு எப்டி வுடறது? இப்ப இன்னா போடட்டும்? அச்சுல கீறதையா, எங்கம்மா சொன்னதையா?"

நேர்காணலும் ஆதாரம்தான். யாரிடம், எங்கே, எப்போது கேட்டது என்று குறித்தால் போதும். எப்படியும் பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்து இட்டுக்கட்டத்தான் போகிறார்கள் என்று, அந்தப் பாடத்தை நான்தான் நடத்தாமல் விட்டிருந்தேன்.

"அம்மா சொன்னதையே போடு. நேர்காணல்னு தேதி, இடம் குறிச்சிடு."

"அதைத்தானே மொதல்லயே எழுதினேன்?"

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நாளைக்குக் கொண்டு வா என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் ஆய்வேட்டைத் தைத்து அட்டை போட்டு எடுத்து வந்தாள். ஆதாரப் பட்டியலில் முதல் வரி அவள் அம்மா: பெயர், தொழில், இடம், தேதி. ஆங்கிலக் கட்டுரை இரண்டாவது, பக்கத்தில் 'ஆழம் தவறு' என்று குறிப்போடு. நன்றியுரையைப் புரட்டினேன். அம்மாவும் அம்மாவோடு இறாலுக்குப் போகும் நான்கு பெண்களும் இருந்தார்கள். வருடா வருடம் திட்டிக்கொண்டே வாசித்த வரியை அன்று நானே தேடினேன். இரண்டு முறை தேடினேன்.

அவள் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டிக்கொண்டு நின்றாள். கையெழுத்துப் போட்டேன்.