ராகு காலம் சுமந்த ரத்தப் பரிசோதனைப் பக்கம்

பிறர் எழுதிய நிரலைத் தம் இணையப் பக்கத்தில் ஓடவிட்டுப் பிழைப்பது எங்கள் தொழில். அந்தப் பிறர் சில சமயம் நாமேயாகவும் இருப்போம். சேக்காடு வே. தணிகாசலம் என்னும் அடியேன், அகவை அறுபத்திரண்டு நிறைந்தவன், இதனை எழுதுகிறேன். பத்தாம் வகுப்புக்கு மேல் பள்ளி கண்டதில்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இருபத்தாறு ஆண்டுகள் லேத் ஓட்டினேன். கம்ப்யூட்டர் லேத் வந்தபோது அதற்கு நிரல் எழுதப் பழகி, அங்கிருந்து இணையப் பக்கங்களுக்கு எவரிடமும் பயிலாமல் வந்து சேர்ந்தேன். இப்போது அதே பேட்டையில், மூன்றாவது மாடி அலுவலகம் ஒன்றில், மூவர் குழுவில் ஒப்பந்த ஊழியன்.

எங்கள் வாடிக்கையாளர்களும் மூவரே: ஆவடியில் ஒரு கல்யாண மண்டபம், பேட்டையிலேயே ஓர் உதிரிபாகத் தொழிற்சாலை, குமணன்சாவடியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம். கடைசியாகச் சொன்னவர்களே பெரியவர்கள். அவர்கள் எங்களை விட்டுப் போகவிருந்த காலத்தில் நிகழ்ந்தவற்றை இங்கே தருகிறேன். அவர்கள் போயிருந்தால் முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுபவன் நான்தான் என்பதை எவரும் என்னிடம் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை. பல தளங்களுக்கான பொது நிரலைக் கட்டி மேய்க்கும் அன்பர்களுக்கு இவை புதியனவாக இரா.

சிவப்புப் பொத்தான்

மூன்று வாடிக்கையாளருக்கும் பொத்தான் வேண்டும், படிவம் வேண்டும், தேதிப் பெட்டி வேண்டும். ஒவ்வொன்றையும் மூன்று முறை எழுதாமல், ஒரே இடத்தில் எழுதி வைத்து, மூன்று தளங்களும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும்படி செய்திருந்தோம். அலுவலகத்தில் இதற்குக் காமன் லைப்ரரி என்று பெயர். அங்கே ஒரு வரி மாற்றினால் மூன்று இடத்திலும் மாறும்.

பொத்தான்கள் குங்கும நிறத்தில் இருந்தால் மங்களமாயிருக்கும் என்று மண்டபத்தார் கேட்டார்கள். நான் லைப்ரரியில் ஒரு வரி மாற்றினேன். மறுநாள் தொழிற்சாலையில் காலை ஷிப்டின் பதிவு ஒன்றுகூட ஏறவில்லை. போன் செய்த சூபர்வைசரிடம், பக்கம் திறக்கவில்லையா என்று கேட்டேன். திறக்கிறது, ஆட்கள் விவரத்தை எழுதவும் செய்கிறார்கள், 'சேமி' என்னும் பொத்தானை மட்டும் யாரும் தொடுவதில்லை என்றார். இருபத்தாறு ஆண்டுகள் லேத் ஓட்டியவன் இதை யோசித்திருக்க வேண்டும்.

"சார், எங்க ஷாப்புல செவப்பு பட்டன அமுக்குனா மிசினு நின்னுடும். நிக்க வச்சிட்டு எவன் சார் திட்டு வாங்குவான்?"

முனியனின் தனிக்குடித்தனம்

தொழிற்சாலைக்கும் பரிசோதனை நிலையத்துக்கும் பக்கம் எழுதுபவர் முனியன். பூந்தமல்லிக்காரர், முப்பத்தைந்து வயது. போனை எடுத்தவன் நானானாலும், சிவப்புப் பொத்தானுக்கு வசவு வாங்கியவர் அவர்தான். அன்றே லைப்ரரியிலிருந்து பொத்தானைப் பிரதி எடுத்துத் தன் கோப்பில் வைத்துக்கொண்டார். அதன்பின் படிவத்தையும் பிரதி எடுத்தார். இவையிரண்டும் லைப்ரரியில் இருந்த மற்றப் பொருள்களுக்கும் தேவையானதால் அசலும் கூடவே வந்தது. ஒரே பக்கத்தில் இரண்டு பொத்தான், இரண்டு படிவம். அசலில் நான் திருத்திய பிழை பிரதியில் அப்படியே இருந்தது.

இது முறையன்று என்று எடுத்துரைத்தேன். அவர் கோபப்படவில்லை, நாற்காலியைக்கூடத் திருப்பவில்லை.

"உன் பட்டன நான் தொடல நைனா, என் பட்டன நீ தொடாத. ரெண்டு பேரும் நிம்மதியா கீலாம்."

திங்கட்கிழமை காலை

மண்டபத்தார் அடுத்துக் கேட்டது தேதிப் பெட்டியில் முகூர்த்த நாள். நான் நூற்றாண்டுப் பஞ்சாங்கம் ஒன்றை வாங்கி, அடுத்த பத்து ஆண்டுகளுக்கு நாள்தோறும் திதி, நட்சத்திரம், ராகு காலம், எமகண்டம், குளிகை என்று மூன்று வாரம் அமர்ந்து என் கையால் தட்டச்சு செய்தேன். பிழை பார்த்தேன். மறுமுறையும் பார்த்தேன். அதைக் காமன் லைப்ரரியின் தேதிப் பெட்டிக்குள்ளேயே வைத்தேன். இன்றைக்கும் சொல்வேன், அதில் ஒரு நாழிகை பிசகு கிடையாது.

அந்தத் தேதிப் பெட்டிதான் பரிசோதனைக்கு நேரம் குறிக்கும் பக்கத்திலும் இருந்தது. திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது வரை ராகு காலம் என்று அங்கேயும் தோன்றியது. வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்க ஆட்கள் வருவது அந்த நேரத்தில்தான். இரண்டு திங்கட்கிழமைகள் எவரும் பதிவு செய்யவில்லை. நிலையத்தின் உரிமையாளர் வளர்மதி அம்மையார் போனில் பேசினார். நான் ஒரு வரி சேர்த்து, அவர்களுடைய பக்கத்தில் பஞ்சாங்கம் தெரியாதபடி மறைத்துவிட்டு, சரியாகிவிட்டது என்றேன். அவருக்கு ஆறவில்லை.

"யூரின் குடுக்கறதுக்குக் கூடவா சார் நல்ல நேரம் பாக்கணும்?"

கவுன்ட்டரில் கும்பல்

ஒரு மாதம் சென்றது. வளர்மதி அம்மையார் நேரில் வந்தார். பரிசோதனை முடிவைப் போனில் பார்க்கும் பக்கம் திறக்கவே மாட்டேன் என்கிறது. பழைய போன் வைத்திருப்பவர்கள் காத்திருந்து சலித்து, பஸ் ஏறிக் குமணன்சாவடிக்கே வந்து காகிதத்தில் கேட்கிறார்கள். கவுன்ட்டரில் இரண்டு பெண்கள் அழாத குறை. போரூரில் ஒரு கம்பெனி புதிதாகச் செய்து தருவதாகச் சொல்கிறது என்பதையும் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. எங்கள் குழுத் தலைவி கலைவாணி, தென்காசியிலிருந்து வந்து ஆவடியில் குடியிருப்பவர், எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். எவ்வளவு அவகாசம் என்று கேட்டது நான்தான்.

"ஆயுத பூஜைக்குள்ள தொறந்தா உங்க கம்பெனி. இல்லன்னா பூஜைக்குப் பொரி மட்டும் அனுப்பறேன்."

மஞ்சள் கட்டம்

ஒரு பக்கம் திறக்கும்போது எந்தப் பொருள் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கட்டம் கட்டமாக வரைந்து காட்டும் கருவி ஒன்று உண்டு. கலைவாணி அதை ஓட்டிச் சுவரிலிருந்த பெரிய திரையில் போட்டார். முனியனின் இரட்டைப் பொத்தானும் இரட்டைப் படிவமும் ஓர் ஓரமாக இருந்தன. மீதிச் சுவரில் பாதிக்கு மேல் ஒரே ஒரு மஞ்சள் கட்டம். அதன்மேல் என் கோப்பின் பெயர்.

கருவியில் ஏதேனும் கோளாறு இருக்குமோ என்று கேட்டேன். அவர் மறுபடி ஓட்டினார். கட்டம் அதே அளவில் வந்தது. முடிவு பார்க்கும் பக்கத்திலும் அதே தேதிப் பெட்டி இருந்ததால், பத்து ஆண்டுத் திதியும் நட்சத்திரமும் ஒவ்வொரு நோயாளியின் போனிலும் இறங்கி, எவர் கண்ணிலும் படாமல் உட்கார்ந்திருந்தன. மண்டபத்துக்காக அதை வைத்துக்கொள்ளத்தானே வேண்டும் என்று வாதாடினேன். மண்டபத்துக்கு வேண்டும், ரத்தத்துக்கு எதற்கு என்றார். நான் மறைத்துவிட்டேனே என்றேன். என்னைப் பார்க்காமல், திரையைப் பார்த்தபடி பதில் சொன்னார்.

"மறைச்சீங்க சார். எடுக்கலையே."

எண் போட்ட மூட்டை

எடுக்கும் வேலையை வேறொருவர் செய்வதாக இருந்தது. நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். பஞ்சாங்கத்தைத் தேதிப் பெட்டியிலிருந்து அறுத்துத் தனி மூட்டையாகக் கட்டி, மண்டபத்தார் பக்கம் மட்டும், அதுவும் தேதியைத் தொடும்போது மட்டும், அதை வரவழைக்கும்படி செய்தேன். மூன்று நாள் ஆயிற்று. இரண்டு வாடிக்கையாளருக்காவது வேண்டாத எதுவும் லைப்ரரிக்குள் நுழையக்கூடாது என்று கலைவாணி விதி எழுதினார். லைப்ரரியில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓர் எண் இடப்பட்டது. புதிய எண்ணை எடுப்பதும், பழைய எண்ணிலேயே இருப்பதும் அந்தந்தத் தளத்தைப் பார்ப்பவரின் முடிவு. அதாவது, நான் எந்த நிறத்தை மாற்றினாலும் முனியன் கேட்காமல் அவர் பக்கம் மாறாது.

முனியன் அன்று மாலையே தம் பிரதிகளை அழித்தார்.

"இத்த மின்னாடியே செஞ்சிருந்தா நான் இன்னாத்துக்கு நைனா தனியா போவப்போறேன்?"

வளர்மதி அம்மையாரின் சோதனை

அவர் எங்கள் வார்த்தையை நம்பவில்லை. நம்பவேண்டிய கடமையும் அவருக்கு இல்லை. வரிசையில் நின்ற முதியவர் ஒருவரின் கீறல் விழுந்த போனை வாங்கிக்கொண்டு, குமணன்சாவடி பஸ் நிறுத்தத்தில் நெரிசலுக்கு நடுவில் நின்று, அந்தப் பக்கத்தைத் தாமே திறந்து பார்த்திருக்கிறார். பிறகு வேறு இருவர் போனிலும் பார்த்திருக்கிறார். அதன்பின் கலைவாணிக்குச் செய்யாமல் எனக்கு நேரே போன் செய்தார்.

"உங்களயே வச்சிக்கிறேன் சார். தயவுசெஞ்சி புதுசா எதுவும் போடாதீங்க."

மூன்று வாரம் உழைத்துச் சேர்த்ததற்காக அல்ல, மூன்று நாள் உழைத்து எடுத்ததற்காகவே என் வேலை நிலைத்தது என்பது, ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்னதாக, செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகால் மணிக்கு முடிவாயிற்று.