இரண்டு கை மருந்து

கொசு மருந்து அடித்த வீட்டில் உருவாகும் பிள்ளைக்குக் கழுத்துச் சுரப்பி கெடும், நோயைத் தாங்கும் சக்தியும் குறையும் என்று யாரோ ஒரு டாக்டர் சொன்னாராம். அதைக் கேட்டுவந்த ஆபீஸ் நண்பர், இங்கே சிங்கப்பூரில் டீ குடித்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "கொஞ்சம் பட்டாலே போதுமாம். வளர்கிற பருவம் அல்லவா?"

அவருக்கு அது வெறும் செய்தி. எனக்கு அப்படியில்லை. என் தாய்மாமன் அடைக்கலம் மருந்து அடிக்கிறவர்.

1949-இல் ஆவூருக்கு முதன்முதலாக டி.டி.டி. கொசு மருந்து வந்தபோது மருந்தடிக்கும் பம்பைத் தூக்கி வந்தவர் மாமாதான். காக்கி அரைக்கால் சட்டை, காதில் பீடி. தலைப்பிள்ளையை மலேரியா முறைக்காய்ச்சலில் பறிகொடுத்தவர். கொசு அவருக்குச் சொந்தப் பகை. ஒவ்வொரு வீட்டிலும் அடித்து முடித்து, கதவில் காவியால் தேதி எழுதுவார். எங்கள் கதவில் மட்டும் தேதிக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் இருக்கும்.

அம்மா சந்தனமேரி அப்போது ஏழு மாசம்.

"அக்கா, ஊருக்கெல்லாம் செவத்துக்கு ஒரு கை. நீ பிள்ளை பெறப்போற அறைக்கு ரெண்டு கை!"

"அவளவளுக்குத் தம்பிமாரு கொலுசு கொண்டாறான். எனக்கு வாய்ச்சவன் மருந்துத் தண்ணி கொண்டாறான் பாரு!"

"கொலுசப் பாத்தா கொசு ஓடுமாக்கும்? சும்மா கெட அக்கா."

அம்மா சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. சுவர் காய்ந்ததும் எழும் அந்த மண்ணெண்ணெய் வாடை எங்களுக்கு விசேஷ வீட்டு வாடை. தங்கை செவந்தி பிறந்ததும், மூட்டைப்பூச்சி அண்டக்கூடாதென்று தூளி மடிப்பிலும் மாமா ஒரு சிட்டிகைத் தூள் தூவினார். தாய்மாமன் சீர் அது. யாருக்கும் தப்பாகப் படவில்லை.

செவந்திக்கு மழை தூறினால் காய்ச்சல். சின்னக் கீறலும் சீழ் வைக்கும். பதினைந்து வயதில் கழுத்து புடைத்தது. "கொழுக்கட்டைய முழுங்கிட்டியாடி?" என்று மாமா கேலி செய்வார், அடுத்த பஸ்ஸில் அவரே திருச்சி டாக்டரிடம் கூட்டிப்போவார். அந்த மருந்தால்தான் வந்ததா? தெரியாது. அந்தத் திருச்சி டாக்டருக்கும் தெரிந்திருக்காது.

நேற்றுதான் அம்மாவின் கடிதம் வந்தது: 'செவந்தி பேறுகாலத்துக்கு வந்துவிட்டாள். ஒன் மாமன் வர்ற வெள்ளி விட்டு அடுத்த வெள்ளிக்கிழமை வந்து அதே அறைக்கு ரெண்டு கை அடிக்கிறானாம்.'

இன்று அந்த வெள்ளிக்கிழமை. கடிதம் போய்ச் சேரப் பத்து நாளாகும். தந்தி கொடுத்தாலோ, பிரிப்பதற்கு முன்பே ஒப்பாரி வைத்துவிடுவார்கள். மாசமான பெண் இருக்கிற வீடு.

கீரனூரில் மாமா தங்கியிருக்கும் அறைக்கு அடுத்த அரிசி மில்லில் டெலிபோன் உண்டு. அதற்குத்தான் இப்போது டிரங்க் கால் போட்டிருக்கிறேன். மாமா மேல் குற்றம் சொல்லப்போவதில்லை. "இந்தத் தடவை சுண்ணாம்பு மட்டும் அடிங்க மாமா, நான் கொசுவலை அனுப்புறேன்" என்பேன். அவ்வளவுதான்.

மாமா ஏறும் ஆவூர் பஸ் பத்தரை மணிக்கு. அங்கே இப்போது பத்தேகால்.

மில்லில் டெலிபோன் மணி அடிக்கிறது. அடித்துக்கொண்டே இருக்கிறது.