ஒரே ஓர் எண்ணுக்குத்தான் இடம்

படுக்கையறை அலமாரிக்குள்ளிருந்து போன் மணி அடித்தது. துணிகளுக்கு அடியில் அமுங்கி, மூக்கடைத்தவர் பேசுவதைப் போல ஒலித்தது.

சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அக்காவின் கத்தி நின்றது. கூடத்தில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த தம்பி மனைவி பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். இருவரும் வாசற்கால் வழியாக ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"உன் புருஷனோட பழைய போன்," என்றாள் அக்கா.

"உங்க தம்பி போன் அண்ணி."

"எடுத்துப் பேசேன்."

"நான் எடுத்தா வேவு பார்க்கறாள்னு பேரு வரும். நீங்களே எடுங்க."

"அம்மாடி! போன தடவை எடுத்ததுக்கு வாங்கிக் கட்டிக்கிட்டது இன்னும் செரிக்கல. எனக்கென்ன தலையெழுத்தா?"

மணி ஓய்ந்தது. சிறிது நேரம் கழித்து மறுபடி அடித்தது. ஓய்ந்து, மூன்றாம் முறையும் அடித்தது.

"யாரோ விடாக்கண்டன் போலிருக்கு," என்றாள் அக்கா.

"இவரு கொடாக்கண்டர். பேசாம இருங்க, ஓய்ஞ்சுடும்."

இருவருக்கும் கொஞ்சம் சிரிப்புக்கூட வந்தது. சனிக்கிழமை பிற்பகல் நாலு மணி பத்து நிமிடம். வீட்டிலிருந்து ஏழு கிலோமீட்டர் தள்ளி, பாலத்து இறக்கத்தின் ஓரப் பள்ளத்தில், அந்தப் போனுக்குச் சொந்தக்காரன் தன் மோட்டார் சைக்கிளுக்கு அடியில் கிடந்தான்.

அவனை எல்லோரும் 'சமாதானம்' என்றுதான் கூப்பிடுவார்கள். ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் மாதிரி எடுத்து வரும் வேலை. காலையிலிருந்து மாலை வரை பத்தொன்பது மருத்துவமனைகளுக்குப் போய், ஊதா மூடி, சிவப்பு மூடி, நீல மூடி போட்ட குழாய்களை வாங்கி, ஐஸ் பெட்டியில் நிமிர்த்தி வைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் கூடத்தில் சேர்க்க வேண்டும். பன்னிரண்டு வருடங்களில் ஒரு குழாயைக்கூட அவன் உடைத்ததில்லை. ஒரு முறைகூட வண்டியோடு விழுந்ததும் இல்லை.

போகிற இடமெல்லாம் சண்டை இருக்கும். பெயர்ச் சீட்டை ஒட்ட வேண்டியது நர்ஸா, வரவேற்பில் இருக்கும் பெண்ணா என்று ஒரு இடத்தில் தினமும் வாக்குவாதம். இவன் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், "ரெண்டு பேர் சொல்றதும் சரிதான்" என்பான். சொல்லிக்கொண்டே தானே சீட்டை ஒட்டிவிட்டுக் கிளம்புவான். அப்படி வந்த பெயர்தான் சமாதானம்.

அந்தக் குணம் அவனுக்குச் சும்மா வரவில்லை. ஒன்பது வயதில், ஒரே வருடத்தில் அப்பாவையும் அம்மாவையும் பறிகொடுத்தவன். அப்போது அக்காவுக்கு இருபது. அவளைப் பெண் கேட்டு வந்த இரண்டு பேர், "பையனை எங்கயாவது விடுதியில சேர்த்துடலாமே" என்றார்கள். இரண்டு பேரையும் அவள் வாசலோடு திருப்பி அனுப்பினாள். மூன்றாவதாக யாரும் வரவில்லை. சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைக்கப் போனாள். இருபத்தேழு வருடங்களாக இன்றும் தைத்துக்கொண்டிருக்கிறாள். ஓர் உயிர் தனக்காகத் தன் வாழ்வையே மடித்து வைத்ததைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, யார் மனமாவது கோணினால் தாங்குவானா?

நாலு வருடத்துக்கு முன் அவனுக்குக் கல்யாணம் ஆனது. மனைவி கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். பொறுப்பானவள், கெட்டிக்காரி, வாயும் கொஞ்சம் கூர்மை. அன்றிலிருந்து அவன் மத்தளம் ஆனான். இரண்டு பக்கமும் இடி!

ஒரு நாள் அவன் குளித்துக்கொண்டிருந்தபோது அவன் போனை அக்கா எடுத்துப் பேசிவிட்டாள். "கட்டினவ நான் இருக்கேன், இவங்க யாரு எடுக்க?" என்றாள் மனைவி. அடுத்த வாரம் மனைவி எடுத்தாள். "ஓகோ, வேவு பார்க்கற அளவுக்கு வந்தாச்சா?" என்றாள் அக்கா. சமாதானம் இரண்டு பேரையும் உட்கார வைத்து ஓர் உடன்படிக்கை செய்தான். "இனிமே என் போனை ரெண்டு பேரும் தொட வேணாம். வீடு பத்தி எரிஞ்சாலும் சரி." இருவரும் ஒப்புக்கொண்டார்கள். அவர்கள் ஒற்றுமையாகக் காப்பாற்றிய ஒரே வாக்கு அதுதான்.

இந்த நிலைமையில்தான் பரிசோதனைக்கூடத்தில் எல்லா வண்டிகளுக்கும் விபத்துப் பெட்டி மாட்டினார்கள். சோப்புக்கட்டி அளவில் கறுப்பாக, இருக்கைக்கு அடியில் இருக்கும். மேற்பார்வையாளர் எல்லோரையும் கூட்டி விளக்கினார்.

"வண்டி வேகமா மோதினாலோ விழுந்தாலோ இது முப்பது செகண்ட் கத்தும். உங்களுக்கு ஒண்ணும் ஆகலைன்னா ஹேண்டில்ல இருக்கற சிவப்பு பட்டனை அமுக்கிடுங்க. அமுக்கலைன்னா, நீங்க எழுதிக் குடுக்கற நம்பருக்குத் தானா போன் போகும், எந்த இடம்னு மெசேஜும் போகும். அவங்க எடுத்து ஒண்ணை அமுக்கினா அந்த நிமிஷமே ஆம்புலன்ஸ் கிளம்பிடும். மூணு தடவை அடிச்சும் எடுக்கலைன்னா, கண்காணிப்பு அறையில இருக்கறவங்க விசாரிச்சு அனுப்புவாங்க. அதுக்கு நேரம் பிடிக்கும். அதனால நல்லா யோசிச்சு எழுதுங்க."

படிவத்தில் ஒரே ஓர் எண்ணுக்குத்தான் கட்டம் இருந்தது. மற்ற ஓட்டுநர்கள் நின்ற வாக்கில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சமாதானம் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனான். அவன் செய்த முதல் தப்பு அது.

"இதுல யோசிக்க என்னடா இருக்கு?" என்றாள் அக்கா. "ஒன்பது வயசுல இருந்து உன் முட்டி உரசினா மருந்து போட்டது யாரு?"

"இனிமே போடப்போறது யாரு அண்ணி?" என்றாள் மனைவி.

மூன்று நாள் அந்த வீட்டில் பாத்திரங்கள் மட்டும்தான் பேசின. நாலாம் நாள் காலை அவன் அக்காவிடம் மாடிப்படியில் ரகசியமாகச் சொன்னான்: "உன் நம்பர்தான்க்கா எழுதியிருக்கேன். அவகிட்ட காட்டிக்காதே." அக்கா அன்று தொழிற்சாலைக்குப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே போனாள். மாலையில் மனைவியை அழைத்துவர கடைக்குப் போனவன், அவள் காதோடு சொன்னான்: "உன் நம்பர்தான். அக்கா மனசு சங்கடப்படும், சொல்லிடாதே." மனைவி அவன் தோளைப் பிடித்துக்கொண்டு வண்டியில் உட்கார்ந்தாள்.

கட்டத்தில் அவன் எழுதிய எண் வேறு. அலமாரியில் துணிக்கு அடியில், அவ்வப்போது சார்ஜ் ஏற்றி வைத்திருந்த தன்னுடைய பழைய போனின் எண்ணை எழுதினான். பன்னிரண்டு வருடங்களாக விழாதவன், இனிமேலா விழப்போகிறேன் என்று நினைத்தான். பாவம், ஒருவருக்கும் துரோகம் செய்யவில்லை என்று நிம்மதியாகத் தூங்கினான்.

அந்தச் சனிக்கிழமை பாலத்து இறக்கத்தில் ஒரு கார் அவனை உரசிவிட்டு நிற்காமல் போனது. வண்டியோடு அவன் தடுப்பைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தான். இடது கால் என்ஜினுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. கையோடு கொண்டுபோகும் புதுப் போன் எங்கோ தெறித்துப் போயிருந்தது. சாலையில் போகிறவர்களுக்கு அந்தப் பள்ளம் தெரியாது. பெட்டி கத்தியது. சிவப்புப் பொத்தான் எட்டாத தூரத்தில் இருந்தது. அவன் அதைத் தேடவும் இல்லை. முப்பது நொடி முடிந்து சத்தம் நின்றபோது, போன் எங்கே போய் அடிக்கும் என்பது உலகத்தில் அவன் ஒருவனுக்கு மட்டும்தான் தெரியும். "எடு," என்று அவன் முனகினான். "யாராவது எடுங்களேன்."

கண்காணிப்பு அறையில் இருந்த பெண் விசாரித்து, பரிசோதனைக்கூடத்தைத் தொடர்புகொண்டு, ஆம்புலன்ஸைக் கிளப்பியபோது பதினோரு நிமிடம் போயிருந்தது.

நாலரை மணிக்கு மேற்பார்வையாளர் மனைவியின் போனில் கூப்பிட்டார். கேட்ட மாத்திரத்தில் அவள் இஸ்திரிப் பெட்டியின் மேலேயே கை வைத்துவிட்டாள். சுட்டது தெரியவில்லை. மருத்துவ அட்டையை எடுக்க அலமாரியைத் திறந்து துணியை இழுத்தாள். பழைய போன் தரையில் விழுந்தது. திரையில் எழுத்துகள்.

அக்கா குனிந்து எடுத்து வாய்விட்டுப் படித்தாள். "உங்கள் உறவினர் விபத்தில் சிக்கியிருக்கலாம். உதவி தேவையெனில்..."

அதற்கு மேல் அவளுக்குப் படிக்க வரவில்லை.

இருவரும் வாடகைக் காரில் மருத்துவமனைக்குக் கிளம்பினார்கள். வழியில் அக்கா சொன்னாள், "என் நம்பர்தான் குடுத்திருக்கறதா சொன்னான்."

மனைவி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "என்கிட்டயும் அதையேதான் அண்ணி சொன்னாரு," என்றாள்.

"நாம சிரிச்சோமே! அது அடிக்கும்போது சிரிச்சோமேடி!"

மனைவி சூடுபட்ட கையால் அக்காவின் வாயைப் பொத்தினாள். நாலு வருடத்தில் அவர்கள் ஒருவரையொருவர் தொட்டது அதுதான் முதல் தடவை.

உயிர் பிழைத்தான். இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். "ரத்தம் நிறையப் போயிடுச்சு. இன்னும் கொஞ்சம் முன்னாடி..." என்று ஆரம்பித்த டாக்டர், எதிரில் நின்ற இரண்டு முகங்களையும் பார்த்து வாக்கியத்தை முடிக்காமலே போய்விட்டார். முடிக்காத அந்த வாக்கியம் இரண்டு பெண்களோடும் வீட்டுக்கு வந்தது.

மூன்றாம் நாள் கண் விழித்த சமாதானம் கேட்ட முதல் கேள்வி, "குழாயெல்லாம்?" என்பதுதான். ஒன்றும் உடையவில்லை என்று சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் போர்வையை விலக்கிப் பார்த்தான். அழவில்லை. "உங்க ரெண்டு பேர் மேலயும் தப்பு இல்ல. ரெண்டு பேரும்..." என்று தொடங்கியவனை அக்கா தடுத்தாள்.

"அந்தப் பேச்சு மட்டும் வேணாம்டா. தயவு செஞ்சு வேணாம்."

ஐந்து மாதம் போனது. செயற்கைக் காலோடு கூடத்துக்கும் குளியலறைக்கும் நடக்கப் பழகினான். பரிசோதனைக்கூடம் அவனைக் கைவிடவில்லை. பின்னால் இரண்டு பக்கமும் கூடுதல் சக்கரம் பொருத்திய வண்டி ஒன்றை அனுப்பியது. அதில் விபத்துப் பெட்டியை மாட்ட ஒரு பெண் வந்தாள். நாற்பது வயது இருக்கும், தோளில் கருவிப் பை. கீழே வேலையை முடித்துவிட்டு, படிவத்தோடு மாடிக்கு வந்தாள்.

"அன்னிக்கு கண்காணிப்பு அறையில இருந்தது நான்தான்," என்றாள், கொடுத்த நாற்காலியில் உட்காராமலே. "உங்களை நேர்ல பார்க்கணும்னு கேட்டு வாங்கிக்கிட்டு வந்தேன்."

அக்கா தண்ணீர் கொண்டுவந்தாள். மனைவி கதவோரம் நின்றாள். அந்தப் பெண் படிவத்தை மேசைமேல் விரித்தாள். இந்த முறையும் ஒரே கட்டம்தான்.

"எந்த நம்பர் போடட்டும்?"

கீழே தெருவில் யாரோ வண்டியைக் கிளப்பப் பார்த்து, அது மறுபடி மறுபடி அணைந்துகொண்டிருந்தது.

சமாதானம் செயற்கைக் காலின் பட்டையைத் தடவிக்கொண்டிருந்தான். அவன் வாயில் பழைய பதில் வந்து நின்றதை இரண்டு பெண்களும் பார்த்தார்கள். அவன் அதை விழுங்கினான்.

"அவ நம்பர்," என்றான். "என் மனைவி நம்பர் போடுங்க."

அக்கா கையிலிருந்த தம்ளர் மேசையில் மெல்ல இறங்கியது.

"அக்கா, உன் போனை ஃபாக்டரில காலையிலேயே வாங்கிப் பெட்டியில பூட்டிடறாங்க. அவ போன் கடையில எப்பவும் கையிலயே..."

"எனக்குத் தெரியாதாடா?"

"அதுக்காக மட்டும் இல்லக்கா." அவன் அக்காவை நிமிர்ந்து பார்த்தான். "அவ என் பொண்டாட்டி. இதை நான் கல்யாணம் ஆன அன்னிக்கே உன்கிட்ட சொல்லியிருக்கணும். சொல்லத் தைரியம் இல்லாமதான் ரெண்டு பேரையும் ஏமாத்தினேன்."

முப்பத்தாறு வயதில் அவன் ஒரு பக்கமாக நின்று பேசிய முதல் பேச்சு அது. வென்றவள் தலை குனிந்து நின்றாள். அவள் கண்ணிலிருந்துதான் முதல் சொட்டு விழுந்தது. அக்கா அழவில்லை. வந்தவளைப் பார்த்து, "எழுதிக்கோங்கம்மா," என்றாள். மனைவி எண்ணைச் சொல்லும்போது நடுவில் குரல் அடைத்தது. மீதி நாலு இலக்கத்தை அக்காதான் சொன்னாள். அந்த எண் அவளுக்கு மனப்பாடமாக இருந்தது.

அந்தப் பெண் படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள். வாசல்வரை அக்கா மட்டும் கூடப் போனாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க."

"அன்னிக்கு முதல் மணியிலேயே நான் எடுத்திருந்தா, அவன் கால் இருந்திருக்குமா?"

ஒரு செருப்பை மாட்டியபடி அந்தப் பெண் நின்றுவிட்டாள்.

"இருந்திருக்கலாம். அப்பவும் போயிருக்கலாம். எனக்குத் தெரியலைங்க. உங்க ஆறுதலுக்குன்னு ஏதாவது சொன்னா, அது பொய்யாப் போயிடும்."

"பொய் வேணாம்மா," என்றாள் அக்கா. "இந்த வீட்டுல சொன்ன வரைக்கும் போதும்."

அந்தப் பெண் அவள் கையை ஒரு நிமிடம் பிடித்துக்கொண்டாள். பிறகு இறங்கிப் போனாள். கடைசிப் படிவரை செருப்புச் சத்தம் கேட்டது. அக்கா கதவைச் சாத்தினாள்.