பாப்பாவுக்குச் செஞ்சது

திருச்சுழி ரோட்டில் வேலிக்கருவை மண்டிக் கிடந்த ஒரு காட்டை பெங்களூரிலிருந்து வந்த கணவனும் மனைவியும் வாங்கி, மண்ணால் வட்டமாக ஒரு கூடம் கட்டி, அதற்குள் ஆட்களை உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது நான் சிரித்துவிட்டேன். கண்ணை மூட எங்கள் பக்கம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மத்தியான வெயிலைப் பார்த்தால் தானாக மூடிக்கொள்ளும்.

என்னை அங்கே இழுத்துக்கொண்டு போனது பக்கத்து வீட்டு அக்கா. பாளையம்பட்டியில் எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அவர்கள் முஸ்லிம்கள். அவருடைய கணவர் சவூதியில் வேலை பார்க்கிறார்.

"ஞாயித்துக்கிழமை மட்டுந்தான் நடக்குதாம். பிள்ளைகளையும் கூட்டிட்டு வரலாமாம். படம் வரையலாம், பொம்மை செய்யலாம், தியானம் உண்டு, குடும்பத்தப் பத்திப் பேசுவாக" என்றார்.

"குடும்பத்தப் பத்திப் பேச எதுக்குக்கா பஸ்ஸு ஏறிப் போகணும்? தெருக்கொழாயில பேசுனா பத்தாதா?"

"கொழாயில பேசுனா நமக்கு முன்னால நம்ம வீட்டுக்கு வந்து சேந்துரும். அங்க பேசுனா அங்கயே கெடக்கும்."

அது எனக்கு நியாயமாகப் பட்டது. மகளையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பெங்களூரிலிருந்து வந்த அந்தம்மாவும் ஐயாவும் நல்ல மனிதர்கள். அதைச் சொல்லிவிட்டுத்தான் கேலி செய்ய வேண்டும். வெளிநாட்டில் வால்டார்ஃப் என்று ஒரு கல்வி முறை இருக்கிறதாம். வரைவது, பாடுவது, கையால் செய்வது எல்லாம் அதில் படிப்போடு சேர்த்தி. இங்கே நடப்பதெல்லாம் அதை ஒட்டித்தான் என்று அந்தம்மா விளக்கினார். வீட்டில் வந்து சொன்னதும் லோடு வண்டி ஓட்டும் என் வீட்டுக்காரர், "வாலு டாப்பா?" என்று கேட்டுத் தானே சிரித்துக்கொண்டார். அந்த வாரம் முழுக்க வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதையே சொன்னார்.

முதல் நாள் தாளைத் தண்ணீரில் நனைத்து, ஈரத்தின்மேல் மஞ்சள் வண்ணம் பூசச் சொன்னார்கள். அன்றைக்கு மஞ்சள் மட்டும்தான். "மஞ்சள் எங்கே போக ஆசைப்படுதோ அங்கே போக விடுங்க" என்றார் அந்தம்மா. அது என் புதுச்சேலைக்குப் போக ஆசைப்பட்டது. ஊரில் ஒரு குடம் தண்ணீருக்கு அடிதடி நடக்கிற காலத்தில், ஒரு வாளித் தண்ணீரில் தாளைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறோமே என்று எனக்கு உள்ளுக்குள் உறுத்தலாகவும் இருந்தது. ஆனால் மகள் வாயைத் திறக்காமல் வெகுநேரம் வரைந்தாள். அவள் வாய் மூடியிருப்பதே எங்கள் வீட்டில் ஓர் அதிசயம்.

கடைசி ஒரு மணி நேரம் தியானம். பிள்ளைகளை அந்த ஐயா வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய்க் கதை சொல்வார். பெண்கள் பாயில் உட்கார்ந்து மூச்சைக் கவனிக்க வேண்டும். நான் சிறிது நேரம் கவனித்திருப்பேன், அப்புறம் தூங்கிவிட்டேன். குறட்டையும் விட்டேன் என்று அக்கா சொன்னார். எழுந்ததும் வெட்கமாகப் போயிற்று. அந்தம்மாவோ, "தூக்கம் வந்தா தூங்குங்க, உங்களுக்கு அதுதான் வேணும்போல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கல்யாணம் ஆனதிலிருந்து என்னைத் தூங்கச் சொன்ன முதல் ஆள் அவர்தான். மஞ்சளும் பச்சையும் எக்கேடும் கெடட்டும், ஞாயிற்றுக்கிழமையின் அந்த ஒரு மணி நேரம் மட்டும் எனக்கு வேண்டும் என்று பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டேன்.

சில வாரம் கழித்துப் பொம்மை செய்தோம். துணிப் பொம்மை. அதற்குக் கண், மூக்கு, வாய் எதுவும் வைக்கக் கூடாது. முகத்தை நாம் வரைந்துவிட்டால் பொம்மை எப்போதும் சிரித்துக்கொண்டே இருக்கும், வெறுமனே விட்டால் அது சிரிப்பதா அழுவதா என்பதைப் பிள்ளையே முடிவு செய்துகொள்ளும் என்றார்கள். எல்லாம் இயற்கையான பொருளாக, நம் வீட்டிலேயே இருப்பதாக இருக்க வேண்டுமாம். உள்ளே அடைக்க ரெட்டியபட்டிக் காட்டுப் பருத்தி இருந்தது. மேலே பழைய சிவப்புச் சேலைக் கிழிசல். தலைமுடிக்கு ஆட்டுக்கம்பளி நூல் வேண்டும் என்றார்கள், அதற்கு நான் எங்கே போவேன்? தலை வாரும்போது உதிரும் முடியைச் சுருட்டி, சவுரிக்கு முடி வாங்க வருகிறவரிடம் கொடுக்கச் சேர்த்து வைத்திருந்தேன். அதைவிட இயற்கையான பொருள் உண்டா? எடுத்து வைத்துத் தைத்தேன். மகள் அதைக் கட்டிக்கொண்டு தூங்கினாள்.

அக்கா வீட்டில் அவர் செய்த பொம்மைக்கு ராஜமரியாதை. "மொகம் வச்ச பொம்மை வீட்டுல ஆகாதும்பாக எங்க மாமி. இத ஒண்ணும் சொல்ல முடியாது. அந்தம்மாவுக்கு நல்ல புத்தின்னு துஆ செஞ்சாக" என்றார் அக்கா.

எங்கள் வீட்டில் என் மாமியார் போர்வையை உதறும்போது பொம்மை கீழே விழுந்தது. சிவப்புத் துணி, மூஞ்சி இல்லாத தலை, அதில் பெண்பிள்ளை முடி. அத்தை போட்ட சத்தத்தில் தெருவே எங்கள் வாசலில் கூடிவிட்டது. அடுப்படியிலிருந்து ஓடி வந்த நான், பாம்பு இல்லை பொம்மைதான் என்று கண்ட நிம்மதியில் வாயைக் கொடுத்தேன்.

"அட, அது நான் செஞ்சதுதான் அத்தை."

எங்கள் பக்கம் செய்வினை வைப்பதற்குச் செய்கிறது என்றுதான் பெயர். செஞ்சுட்டாக என்றால் வேறு அர்த்தமே கிடையாது. அது எனக்கும் தெரியும், ஆனால் அந்த நேரத்தில் மண்டையில் உறைக்கவில்லை.

அத்தை நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "நீயாடி செஞ்ச? யாருக்குடி செஞ்ச?"

"நம்ம பாப்பாவுக்குத்தான்."

கூட்டத்தில் ஒருத்தி "ஆத்தாடி" என்றாள். இன்னொருத்தி தன் பிள்ளையை இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

"பெத்த பிள்ளைக்கா செஞ்ச? எங்க போயிடி செஞ்ச?"

"திருச்சுழி ரோட்டுலதான். ஞாயித்துக்கிழமை எல்லாரும் சேந்து உக்காந்துதான் செஞ்சோம். அக்காவும் செஞ்சாக."

இதைவிட விவரமாக எந்தக் குற்றவாளியும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டான்.

சாயங்காலத்துக்குள் குறி சொல்கிற கோடாங்கி வந்துவிட்டார். உடுக்கை அடித்து, கண்ணைச் செருகி, கிழக்கே இருந்து வந்திருக்கு என்றார். அதில் தப்பில்லை, திருச்சுழி எங்களுக்குக் கிழக்கேதான். பொம்மையை ஓடுகிற தண்ணீரில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வரச் சொன்னார். அங்கேதான் சிக்கல் வந்தது. குண்டாற்றில் மணல்கூட மிச்சமில்லை, ஓடுகிற தண்ணீருக்கு எங்கே போவது? தெருக்குழாயில் தண்ணீர் விடுகிற நாளில் அதன் கீழே பிடிக்கலாமா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அவர் நிஜமாகவே கேட்டார். கோடாங்கி யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். பொம்மையை ஒரு பானைக்குள் போட்டு வேப்பிலையால் மூடினார்கள். அதைத் தேடி மகள் போட்ட கூப்பாட்டில் அன்றைக்கு யாருக்கும் சோறு இறங்கவில்லை.

"இனிமே ஞாயித்துக்கிழமை நீ எங்கயும் போகக் கூடாது" என்றார் வீட்டுக்காரர். செய்வினையில் அவருக்கு நம்பிக்கை கிடையாது, தெருவில் பேச்சு ஆகிவிட்டதே என்ற கவலைதான். எனக்கு அழுகையாக வந்தது. பொம்மை போனால் போகட்டும், இன்னொன்று தைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தை வேறு எங்கே போய் வாங்குவேன்?

மறுநாள் அக்கா தன் பொம்மையையும் எடுத்துக்கொண்டு வந்து அத்தையின் மடியில் வைத்து, எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார். அத்தைக்குப் பாதிதான் தெளிந்தது. "நானே வந்து அவுக மூஞ்சியப் பாக்குறேன். மூஞ்சி வைக்காம பொம்மை செய்யிறவுக எப்படி மூஞ்சிய வச்சிருக்காகன்னு தெரியணும்ல" என்றார். ஞாயிற்றுக்கிழமை கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டு, சண்டைக்குப் போகிற நடையில், அக்காவோடு பஸ் ஏறினார். மகளும் தொற்றிக்கொண்டாள். நான் வீட்டில் கிடந்தேன்.

அன்றைக்குப் பொழுது நகரவே இல்லை. அத்தை அங்கே என்னென்ன பேசுவார், அந்தம்மாவின் பெங்களூர்த் தமிழுக்கு அதில் எவ்வளவு புரியும் என்று நினைத்துக்கொண்டே, பொறுக்கிய அரிசியையே மறுபடியும் பொறுக்கினேன். இடையில் வீட்டுக்காரர் தண்ணீர் கேட்டார், துண்டு கேட்டார், ரிமோட் எங்கே என்று கேட்டார். ரிமோட் அவர் மடியில் இருந்தது.

சாயங்காலம் அத்தை வந்தார். கன்னத்தில் மஞ்சள் வண்ணம், கையில் ஈரம் காயாத தாள். வாசலில் காலைக் கழுவிவிட்டுப் படியில் உட்கார்ந்தார். நான் பயந்துகொண்டே, "சண்ட போட்டீகளா?" என்று கேட்டேன்.

"போடணும்னுதான் போனேன். கண்ண மூடச் சொன்னாக, மூடுனேன்." கையிலிருந்த தாளைப் படியில் காயவைத்தார். "ஒரு மணி நேரம் என்னைய யாருமே கூப்புடலடி. வாக்கப்பட்டு வந்ததுல இருந்து இப்படி ஒரு மணி நேரம் இருந்ததில்ல. யாராச்சும் கூப்புடுவாக கூப்புடுவாகன்னு காதத் தீட்டிக்கிட்டே இருந்தேன். கூப்புடவே இல்ல."

நானும் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன். இத்தனை நாள் எனக்கு வேண்டியிருந்தது தூக்கம் என்றல்லவா நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அத்தையின் கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று நான் கையை நீட்டுவதற்குள் அவர் அடுத்ததைச் சொல்லிவிட்டார்.

"அடுத்த வாரமும் நான் போயிட்டு வாரேன். நீ வீட்டப் பாத்துக்க."

பொங்கி வந்த பாசம் எல்லாம் அப்படியே வற்றிவிட்டது. "அது என்னோட ஞாயித்துக்கிழமை அத்தை" என்றேன். அவரை எதிர்த்து நான் பேசிய முதல் பேச்சு அது. அதோடும் நிறுத்தவில்லை. "உங்களுக்கு முன்னாடி நான் போன எடம். நான் விடமாட்டேன்."

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார். செய்வினை வைத்தவளைப் பார்த்த பார்வை இல்லை அது. பிறகு உள்ளே டிவி முன்னால் இருந்த மகனிடம் திரும்பி, "ஏலே, அடுத்த வாரம் நாங்க ரெண்டு பேரும் போறோம்" என்றார்.

"ரெண்டு பேருமா?" வீட்டுக்காரர் எழுந்தே விட்டார். "அப்ப எனக்கு யாரு சோறு போடுறது?"

அத்தை கன்னத்து மஞ்சளை முந்தானையால் துடைத்தபடி சொன்னார்: "சட்டியில இருக்கும், போட்டுத் தின்னு. கை வரலேன்னா கண்ண மூடி மூச்சக் கவனிச்சுக்கிட்டு உக்காந்திரு. யாரையும் கூப்புடாத."