உப்பை எண்ணியவள்

2005 ஜூன் மாதம். மரக்காணத்துக்குத் தெற்கே, சாலையோரம் இருந்த ஓர் இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் டீச்சர் வேலை கேட்டுப் போனேன். தபாலில் பி.ஏ. முடித்திருந்தேன். இந்த வேலை கிடைத்தால் நான் உப்பளத்துக்குப் போகவேண்டியதில்லை. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பரீட்சை வைத்தார்கள். பத்துச் சொற்கள். 'மெனி' போடக்கூடியவை ஒரு பக்கம், 'மச்' போடக்கூடியவை மறுபக்கம். வாட்டர், ரைஸ், மில்க் எல்லாம் சரியாக எழுதிவிட்டு, சால்ட்டை மட்டும் 'மெனி' பக்கம் போட்டுவிட்டேன். யோசிக்கக்கூட இல்லை. லீவு நாளெல்லாம் அம்மாவோடு உப்பு சுமந்தவள் நான். ஒவ்வொரு கூடையையும் கொட்டியதும் வரப்பில் ஒரு கிளிஞ்சல் வைப்போம். பொழுது சாய்ந்ததும் கிளிஞ்சல்களை எண்ணுவோம். "இன்னிக்கு உப்பு எத்தன?" என்றுதான் பக்கத்துப் பாத்தியிலிருந்து கேட்பார்கள். 'எவ்வளவு' என்று யாரும் கேட்டதில்லை.

கரஸ்பாண்டென்ட் தாளைப் பார்த்துச் சிரித்தார். "ஏம்மா, உப்ப ஒண்ணு ரெண்டுன்னு எண்ணுவியா?"

"எண்ணுவோம் சார். நேத்து எங்கம்மா எழுவது."

"அது கூடைம்மா. உப்பு இல்ல."

அவர் சொன்னது சரிதான். அங்கேயே திருத்திக் கொடுத்தேன். ஆனால் அந்தச் சிரிப்பு இருக்கிறதே, எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வேலை தந்தார். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார். "உங்கம்மா உப்பளத்துக்குப் போறாங்கன்னு பசங்ககிட்ட, பேரண்ட்ஸ்கிட்ட சொல்லிக்காத. ஸ்கூல் பேரு என்னாவுறது?"

தலையாட்டினேன். வேலை வேண்டுமே! வீடு வந்து சேரும்வரை அந்தத் தலையாட்டலுக்காக என்னை நானே திட்டிக்கொண்டேன். உப்பு மட்டும் வேண்டும், அதைச் சுமப்பவள் வேண்டாமாம்.

முதல் நாள் நாலாம் வகுப்பு. என்ன பாடம் என்று யாரும் சொல்லவில்லை, நானே முடிவு செய்தேன். போர்டில் இங்கிலீஷில் எழுதினேன்: என் அம்மா உப்பளத்தில் வேலை செய்கிறாள். எத்தனை கூடை சுமந்தாள்? எவ்வளவு உப்பு சேர்ந்தது? பிள்ளைகளுக்கு ஒரு நிமிடத்தில் விளங்கிவிட்டது. "ஹவ் மெனி பாஸ்கெட்ஸ்! ஹவ் மச் சால்ட்!" என்று கூரை அதிரக் கத்தினார்கள்.

சத்தம் கேட்டுக் கரஸ்பாண்டென்ட் வந்தார். போர்டைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"மொத வரிய அழிச்சிடும்மா."

அந்த நிமிஷமே என்னை வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். அனுப்பட்டுமே, உப்பளம் எங்கும் ஓடிவிடவில்லை.

"மாட்டேன் சார். தப்பு இருந்தா சொல்லுங்க, அழிச்சிடறேன்."

மேலிருந்து கீழ்வரை இரண்டு தடவை படித்தார். முப்பது பிள்ளைகளும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் டஸ்டரை எடுத்து அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.